வீட்டில் பலிக்க வேண்டிய பாடம்: ஒரு சிறப்புப் பள்ளியின் முதல் பருவம்

ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் வகுப்பில் உடனே பாடம் தொடங்காது. முதலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்போம். யார் செருப்பைத் தானே கழற்றுகிறார்கள், தண்ணீர் வேண்டுமென்றால் யார் நம் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், கோடை விடுமுறையில் யாருக்கு எந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துக்கொள்வோம். டெல்டா பக்கத்துச் சிறு ஊர் ஒன்றில், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கான பகல்நேரச் சிறப்புப் பள்ளி எங்களுடையது. நான் அங்கே ஸ்பெஷல் டீச்சர். ஜூனிலிருந்து காலாண்டு விடுமுறை வரை என்ன செய்தோம், எது கைகொடுத்தது என்பதை, இதே வேலையில் இருப்பவர்களுக்கும் இப்படி ஒரு பிள்ளையை வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்ற மதிப்பீட்டுக்கு நாங்கள் வைத்திருப்பது சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். என்ற திறன் அட்டவணை. 18 பகுதிகள், பகுதிக்கு 20 திறன்கள், ஆக 360. செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. என்ற இதேபோன்ற பட்டியலைப் பயன்படுத்தும் பள்ளிகளும் நிறைய உண்டு. இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் பட்டியலில் பிள்ளைக்கு வராத அடுத்த வரி எதுவோ, அதையே அப்படியே இலக்காக எழுதிவிடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. 'சட்டைப் பட்டனைப் போடுவான்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டிலோ அவன் டி-ஷர்ட்தான் போடுகிறான். அவனுக்கு இப்போது பட்டன் எதற்கு?

அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி இலக்கு வைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரையும் உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டோம். "காலையில எழுந்ததுலேருந்து வேன் வர்ற வரைக்கும் உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" பேசப் பேச விஷயம் வரும். "டீச்சர், இவன் டிரெஸ்ஸை இவனே போட்டுக்கிட்டாப் போதும். நடவுக்குப் போற அவசரத்துல இவனோட மல்லுக்கட்ட முடியல" என்றார் ஒரு அம்மா. பேத்தியை வளர்க்கும் ஒரு பாட்டி, "பாத்ரூம் வருதுன்னு சொல்லிட்டாப் போதும்மா, என் இடுப்பு தாங்கல" என்றார். இன்னொரு அப்பாவுக்கு, மகன் எழுத வேண்டும், தன் பெயரையாவது எழுத வேண்டும். அதையும் எழுதிக்கொண்டோம். பெற்றவரின் ஆசையைத் தள்ளிவிட்டு நாம் போடும் திட்டம் கோப்பிலேயே தங்கிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பருவத்தில் மூன்று இலக்குகளுக்கு மேல் வைப்பதில்லை. அதில் ஒன்றாவது வீட்டாரின் சுமையை நேராகக் குறைப்பதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டி-ஷர்ட் பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்த வேலைக்கும் பொருந்தும் முறை இது. போடுவதை அவனுக்குக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுத்தோம். தலையை நுழைப்பது, இரண்டு கைகளையும் விடுவது எல்லாம் நான் செய்வேன். சட்டை மார்பில் சுருண்டு நிற்கும். அதைப் பிடித்து இடுப்பு வரை இழுத்துவிடுவது மட்டும் அவன் வேலை. இழுத்ததும் கண்ணாடி முன்னால் நிறுத்துவேன். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால், தலையை நுழைப்பதற்குள்ளேயே பிள்ளை சலித்துவிடும். மீதியை நாம் செய்வோம், முடித்த சந்தோஷமும் நமக்கே போய்விடும். கடைசிப் படி அவனுடையது என்றால் வேலையை முடித்தவனும் அவன்தான். அது கைவந்ததும் ஒரு கை, அப்புறம் இன்னொரு கை, கடைசியாகத் தலை என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

உதவியை விலக்குவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அவன் கைமேல் என் கை. பிறகு முழங்கையில் லேசான தொடுதல். பிறகு விரலால் காட்டுவது. பிறகு சும்மா பக்கத்தில் நிற்பது. பின்னால் நின்று உதவுங்கள். எதிரே நின்றால் பிள்ளை சட்டையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்க்கும். "இழு... இழு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நான் கூடியவரை தவிர்ப்பேன். கையை விலக்கிவிடலாம், குரலை விலக்குவது கஷ்டம். சொன்னால்தான் செய்வது என்று பழகிய பிள்ளை, சொல்லும் வரை சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முன்பக்கத்தில் படம் உள்ள டி-ஷர்ட்டாக அனுப்பச் சொன்னோம். படம் கீழே இருக்கும்படி பாயில் விரித்து வைத்தால், எடுத்துப் போடும்போது முன்பக்கம் தானாக முன்னால் வந்துவிடும். கால்சட்டை ஜிப்பின் நுனியில் சாவி வளையம் ஒன்றைக் கோத்துவிட்டோம். சிறு நுனியைப் பிடிக்க முடியாத விரல்கள் அந்த வளையத்துக்குள் போய்விடும்.

அவன் அம்மாவிடம் சொன்னது இன்னும் முக்கியம். காலையில் பழக்க வேண்டாம். காலையில் நீங்களே போட்டுவிடுங்கள், அவசரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. சாயந்தரம் குளித்துவிட்டு வந்ததும் அவன் இழுத்துவிடட்டும். சரி என்று அப்படியே செய்தார். ஆகஸ்டில் காலையிலும் அவனே இழுத்துவிட ஆரம்பித்தான். இப்போது தலையை மட்டும் நுழைத்துவிட்டால் மீதி அவன் பொறுப்பு.

நடத்தைச் சிக்கல்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினோரு வயதுப் பையன் ஒருவன், பேச்சு இல்லை, ஆட்டிசம். மதியத்துக்கு முன்னால் தன் கையைக் கடித்துக்கொள்வான். கட்டைவிரலுக்குக் கீழே தோல் தடித்து, காய்த்துப் போயிருந்தது. பசி என்று ஒருவர் சொன்னார், பிடிவாதம் என்று இன்னொருவர். நாங்கள் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டோம்: கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதன் பிறகு என்ன கிடைத்தது. நேரத்தையும் குறித்தோம். கொஞ்ச நாள் எழுதியதுமே விஷயம் பிடிபட்டது. சமையலறையில் குக்கர் விசில் அடிப்பதற்குச் சற்று முன்னால், ஆவி சீறத் தொடங்கும்போதே அவன் கை வாய்க்குப் போகிறது. நம் காதில் விழாத அந்தச் சீறல் அவனுக்குக் கேட்கிறது. அடுத்து என்ன வரும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

சமையல் அக்காவிடம் பேசினோம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே குக்கரை வைத்து இறக்கிவிடுகிறேன் என்று அவரே சொன்னார். முடியாத நாட்களில் குக்கர் படம் போட்ட அட்டையை அவனிடம் காட்டிவிட்டு, காதுக்கு ஒலி மறைப்பான் மாட்டி, வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போவோம். கடிப்பது முழுக்க நிற்கவில்லை, ஆனால் தோல் ஆறத் தொடங்கியது. அம்மாவிடம் சொன்னபோது, வீட்டிலும் சமைக்கும் நேரத்தில்தான் கொல்லைக்கு ஓடுவான் என்றார். இத்தனை வருடம் அதைச் சேட்டை என்று நினைத்து அடித்திருக்கிறார்கள். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அப்படி எந்த அம்மாவாவது உங்கள் முன்னால் கலங்கினால், உடனே அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுங்கள். குற்றவுணர்வோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

தினசரி அட்டவணையைப் படங்களாகச் சுவரில் ஒட்டுவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. எங்கள் அனுபவத்தில் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கார்ட்டூன் படங்களைவிட எங்கள் வேன், எங்கள் கழிப்பறை, எங்கள் சாப்பாட்டுத் தட்டு என்று போனில் எடுத்த புகைப்படங்களே வேலை செய்தன. முடிந்த வேலையின் படத்தைப் பிள்ளையே கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். அது இல்லையென்றால் அட்டவணை வெறும் சுவர் அலங்காரம்தான்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படத் தொடர்பு, அதாவது பட அட்டையை நீட்டிக் கேட்பது, பழக்கும்போது, முதல் அட்டையாகத் தண்ணீரையோ பிஸ்கட்டையோ வைப்பார்கள். நாங்கள் அதோடு சேர்த்தே 'வேண்டாம்', 'போதும்' இரண்டையும் வைத்தோம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளை தட்டைத் தள்ளும், கிள்ளும், கீழே படுத்துப் புரளும். அட்டையை நீட்டியதும் நாம் உடனே நிறுத்திவிட்டால், அட்டைக்கு மதிப்பு இருப்பது அதற்குப் புரிந்துவிடும். இதில் பிள்ளையின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. தன் உடம்பைத் தொடுபவரிடம் வேண்டாம் என்று சொல்லப் பழகாத பிள்ளையை எல்லாவற்றுக்கும் இணங்கவே பழக்கியிருக்கிறோம் என்றுதான் பொருள். படத்தைத் தொட்டால் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி போன்றவை இருக்கின்றன, டேப்லட் வாங்க முடிந்தவர்களுக்கு நல்லது. முடியாதவர்களுக்கு, லேமினேட் செய்த நான்கு படங்களை வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டோம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம்தான் பெரிய பாடவேளை. மடியில் மல்லாத்திப் போட்டு, தலை பின்னால் சாய, வாயில் ரசம் சாதத்தை ஊற்றும் வழக்கம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அது உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குப் போக வாய்ப்பு அதிகம். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்க, சிறு கரண்டியில், குழைந்த கெட்டியான சாதமாகக் கொடுக்க வேண்டும். நீர்த்த உணவு எளிது என்று தோன்றும். விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்கு அதுதான் கஷ்டம். சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். அடிக்கடி புரையேறினால், அடிக்கடி சளி பிடித்தால், ஸ்பீச் தெரபிஸ்டிடமும் மருத்துவரிடமும் காட்டிவிட்டுத்தான் மற்றவை.

ஆடி மாதம் எங்களுக்குத் தனிக் கவலை. ஊர் ஊராகத் திருவிழா. இரவு முழுக்கக் கண்விழிப்பு, பாட்டி வீட்டுக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை மறந்துவிடுவது. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கிளப்பும். ஆடி பிறப்பதற்கு முன்பே பெற்றோர் கூட்டம் வைத்து, ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்குத் திருவிழாப் பையில் ஒரு செட் தனியாக எடுத்து வைக்கச் சொன்னோம். ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது என்று வேன் அண்ணனுக்கும் ஆயாம்மாவுக்கும் செய்தே காட்டினோம்: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினாலோ ஒன்று விட்டு நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. சாவியைத் தேடும் நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்து விடலாம்.

இரண்டு சிறு குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போட வைக்க வேண்டாம். கழிப்பறைப் பயிற்சிக்கு, முதலில் எந்தெந்த நேரத்தில் ஈரமாகிறது என்று சில நாள் எழுதுங்கள். அப்புறம் அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் அழைத்துப்போங்கள். பாட்டியின் பேத்திக்கு இதுதான் கைகொடுத்தது. சொல்ல இன்னும் வரவில்லை, ஆனால் கழிப்பறைப் படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள்.

பெரிய பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய்ப் பயிற்சியை அந்த நாட்களில் தொடங்கக் கூடாது. மற்ற நாட்களில், சிவப்புச் சாயம் தொட்ட பேடை வைத்து, எடுப்பது, சுருட்டுவது, காகிதத்தில் மடிப்பது, தொட்டியில் போடுவது, கை கழுவுவது என்று படிப்படியாகப் பழக்கினோம். உள்ளாடையில் பேட் ஒட்ட வேண்டிய இடத்தைச் சுற்றி மார்க்கரில் கோடு போட்டது நன்றாக உதவியது. "கர்ப்பப்பையை எடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அறுவை சிகிச்சை பிள்ளையைத் தவறான கைகளிலிருந்து காப்பாற்றாது. தவறு நடந்தாலும் வெளியே தெரியாமல் போக வைக்கும், அவ்வளவுதான். பயிற்சிக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

செயல்பாடுகளில் எனக்குப் பிடித்தது உழவர் சந்தைக்குப் போவது. போவதற்கு முன் வகுப்பிலேயே தராசு, கூடை, காய்கறியெல்லாம் வைத்துக் கடை போட்டுப் பழகினோம். கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கு 'ஒரு நோட்டு கூடுதல்' முறை: கடைக்காரர் 34 என்றால், மூன்று பத்து ரூபாய் நோட்டும் அதோடு இன்னொன்றும் கொடுத்துவிட்டுச் சில்லறைக்குக் கை நீட்டி நிற்பது. கூட்டல் வராத பையனும் இதைச் செய்துவிடுகிறான். இப்போது வீடுகளில் எல்லாமே போனில் ஸ்கேன் செய்து கொடுப்பதால், எங்கள் பிள்ளைகள் பலர் நோட்டையே கையில் தொட்டிருக்கவில்லை. பெற்றோர்களே, வாரத்தில் ஒரு நாளாவது கடையில் பிள்ளையின் கையால் காசு கொடுக்க வையுங்கள். சந்தையில் ஒரு கீரைக்கார அம்மா, அருகே நின்ற என்னிடம் விலை சொல்லாமல், பையனைப் பார்த்தே "தம்பி, பதினஞ்சு ரூபா" என்றார். சொல்லிக்கொடுக்காமலே அப்படிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறையும் அவர் கடைக்கே போனோம்.

விளையாட்டுக்கு போச்சியா வைத்துக்கொண்டோம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காகவே வளர்ந்த ஆட்டம், 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் பந்தை உருட்ட வேண்டும், அவ்வளவுதான். எறிய முடியாதவர்கள் சாய்தளம் வைத்து உருட்டலாம். பெரிய பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்தால் சாய்தளம் தயார். கையே அசைக்க முடியாத ஒரு பெண், சாய்தளத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று கண்ணாலேயே சொல்லி, முகவாயால் பந்தைத் தள்ளி, ஓடியாடும் பையன்களை ஜெயித்தாள்.

சிறப்புப் பள்ளிகளில் உள்ள ஒரு விஷயத்தையும் பேச வேண்டும். பிறந்தநாள், நினைவுநாள் என்று சாப்பாடு போட வருபவர்கள். அவர்களுடைய நல்ல மனசை நான் மதிக்கிறேன், அந்தப் பணம் பல பள்ளிகளின் அடுப்பை எரிய வைக்கிறது. ஆனால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, தட்டை நீட்டச் சொல்லி, முகத்துக்கு முகம் போட்டோ எடுத்து, வாழ்த்துப் பாட வைப்பது சரியில்லை. பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றரைக்கு வந்தால், நேர ஒழுங்கை நம்பியே இருக்கும் ஆட்டிசப் பிள்ளைக்கு அன்றைய நாளே போய்விடும். இந்தப் பருவத்தில் தலைமை ஆசிரியர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்: சாப்பாடு எங்கள் நேரத்துக்கு. முகம் தெரியும் போட்டோ கிடையாது. வருகிறவர்கள் பந்தியில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், பரிமாறுவது எங்கள் பெரிய மாணவர்கள். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒரு குடும்பம், தங்கள் மகளை எங்கள் பையன் சாம்பார் ஊற்றிக் கவனித்ததைப் பார்த்துவிட்டு, மறு வாரம் சாப்பாடு எதுவும் இல்லாமல் சும்மா பார்க்க வந்தார்கள். எனக்கு அது போதும். அந்தப் பையனுக்கோ சாம்பார் வாளி தூக்குவது தொழிற்பயிற்சிக்கு முந்தைய பாடம். நாளை ஒரு கேன்டீனில் நிற்க அதுவே அவனுக்குத் தொடக்கம்.

பிள்ளைகளைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது என்ற இதே காரணத்தால் சுதந்திர தின நடனத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை வைக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் செய்ய முடிந்ததைச் செய்தார்கள்: ஒருவன் கொடிக் கயிற்றைப் பிடித்தான், ஒருத்தி மிட்டாய்த் தட்டை நீட்டினாள், ஒருவன் நாற்காலி எண்ணிப் போட்டான். விருந்தினருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு இல்லை.

காலாண்டு முடியும் தறுவாயில் பெற்றோர் கூட்டம். எல்லோருடைய மனத்திலும் இருக்கும் கேள்வி ஒன்றுதான், "எங்களுக்கப்புறம் யாரு?" பேச்சில் தேற்றுவதைவிட எந்தக் காகிதம் எங்கே என்று சொல்வது உதவும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை எடுக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்த நான்கு வகையினர் 18 வயது தாண்டினால், பெற்றோரே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் வாங்க மாவட்ட அளவிலான குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. எந்தப் பள்ளி என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளைக்குத்தான். இதைச் சொன்னபோது, வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு அப்பா, அந்த வரியை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

விடுமுறைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு வேலை மட்டும் எழுதிக் கொடுத்தோம். நீண்ட பட்டியல் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. டி-ஷர்ட் பையனுக்கு, குளித்ததும் சட்டையைத் தானே பாயில் விரிப்பது. குக்கர் பையனின் வீட்டில், அடுப்பு பற்றவைக்கும் முன் அட்டையைக் காட்டுவது. மகன் பெயர் எழுத வேண்டும் என்ற அப்பாவுக்கு, முதல் எழுத்தைப் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறோம், தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை. அக்டோபரில் வந்ததும், முதல் வாரத்தில் மறுபடியும் வெறுமனே பார்ப்போம், எது நிலைத்திருக்கிறது, எது போயிருக்கிறது என்று. பேத்தியை வளர்க்கும் அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நானே போய் வரலாம் என்று இருக்கிறேன். அங்கே கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருக்கிறது, வழியில் இரண்டு படி. அங்கே ஒரு கைப்பிடி போட முடியுமா என்று பார்க்க வேண்டும்.